கொட்டாஞ்சேனை: சமயமும் பத்திரிகையும்

கொழும்பு 13-இல் உள்ள கொட்டாஞ்சேனை, இலங்கையில் சமய வாதமும் அச்சும் ஒருங்கே வளர்ந்த இடங்களுள் முதன்மையானது. தீவின் சமயப் பத்திரிகைகளுக்கு வழிகாட்டியவர்கள் கிறிஸ்தவ மிஷனரிமார். தமிழில் அமெரிக்க மிஷனின் 'உதயதாரகை' 1841-இல் யாழ்ப்பாணத்திலும், சிங்களத்தில் கத்தோலிக்கரின் 'ஞானார்த்த பிரதீபய' 1866-இலும் தொடங்கின.

கொட்டாஞ்சேனைத் தீபதுத்தாராமய விகாரையில் வாழ்ந்த மொஹொட்டிவத்தே குணானந்த தேரர் (மிகெட்டுவத்தே என்றும் எழுதுவர்) மிஷனரிமாரின் ஆயுதத்தையே கையில் எடுத்து, 1862 அளவில் பௌத்தச் சங்கம் ஒன்றை அமைத்துத் துண்டுப்பிரசுரங்கள் அச்சிடலானார். அவர் பயன்படுத்திய அச்சு இயந்திரம் முன்பு சர்ச் மிஷன் சபைக்கு உரியதாக இருந்தது என்பது வரலாற்றாசிரியர் சிலரின் கூற்று. 1873 ஆகஸ்ட் 26, 28 ஆகிய நாட்களில் பாணந்துறையில் தாவீது த சில்வா பாதிரியார் தரப்போடு தேரர் வாதிட்டபோது, 'சிலோன் டைம்ஸ்' ஆசிரியர் ஜோன் கெப்பர் தம் நிருபர் எட்வர்ட் பெரேராவை அங்கு அனுப்பினார். கூட்டத்தின் நடுவே நிருபர் எடுத்த குறிப்பு ஆங்கிலத்தில் அச்சேறி, அமெரிக்காவில் பீபிள்ஸ் என்பவர் வெளியிட்ட நூலாகி, பிரம்மஞான சங்கத் தலைவர் கர்னல் ஒல்கொட்டை எட்டியது. 1880 மே மாதம் அவர் காலியில் வந்திறங்கினார். அவ்வாண்டே பௌத்த பிரம்மஞான சங்கத்தின் 'சரசவி சந்தரெச' பிறந்தது.

1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறன்று, விகாரையை நோக்கிச் சென்ற பௌத்த ஊர்வலம் கொட்டாஞ்சேனையில் தாக்கப்பட்டது. ஊர்வலத்தில் கிறிஸ்தவத்தை இழிவுபடுத்தும் உருவங்கள் கொண்டுசெல்லப்பட்டதாக வதந்தி பரவியிருந்தது. கலகத்துக்கு யார் பொறுப்பு என்பதில் பௌத்தர், கத்தோலிக்கர் ஆகிய இரு தரப்பு நூல்களும் இன்றுவரை உடன்படுவதில்லை. குற்றவாளிகள் தண்டிக்கப்படாததை முறையிட ஒல்கொட் 1884-இல் லண்டன் சென்றார். வெசாக் தினம் 1885-இல் அரச விடுமுறையாயிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 17-இல் 'சரசவி சந்தரெச' பௌத்தக் கொடியின் வடிவத்தை வெளியிட்டது. கொடி பத்திரிகையில் அறிமுகமானதன் பின்னரே கம்பத்தில் ஏறியது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது: ஏப்ரல் 28, வெசாக் நாளில், தீபதுத்தாராமயவில் குணானந்தரே அதை ஏற்றினார்.

முஸ்லிம்களுக்குச் சித்திலெவ்வையின் 'முஸ்லிம் நேசன்' (1882), சைவர்களுக்கு யாழ்ப்பாணத்து 'இந்துசாதனம்' (1889) ஆகியவை இதே அலையில் எழுந்தவை. இந்து சமய அமைப்பான விவேகானந்த சபை 1902-இல் கொழும்பில் தொடங்கியது. கொட்டாஞ்சேனைக்கு அயலிலுள்ள கிராண்ட்பாஸில் இயங்கிவரும் 'வீரகேசரி' 1930-இல் வெளிவரத் தொடங்கியது.

மற்றோர் உயிர்த்த ஞாயிறான 2019 ஏப்ரல் 21 அன்று, கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம் தாக்கப்பட்டபின் அரசு சமூக ஊடகங்களைத் தற்காலிகமாக முடக்கியது. அடுத்த ஞாயிறு கொழும்புப் பேராயரான கர்தினாலின் திருப்பலி தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று.