மாட்டுங்கா

மாட்டுங்கா, மும்பை மாநகரின் நடுப்பகுதியில் தாதருக்கு வடக்கிலும் சயானுக்குத் தெற்கிலும் அமைந்த குடியிருப்புப் பகுதி. கிழக்கே வடாலா, மேற்கே மாஹிமும் தாராவியும். மத்திய ரயில்வேயில் மாட்டுங்கா, மேற்கு ரயில்வேயில் மாட்டுங்கா ரோடு, துறைமுகத் தடத்தில் கிங்ஸ் சர்க்கிள் என மூன்று நிலையங்கள் இதற்கு உண்டு. தமிழர், மலையாளிகள், கன்னடர், கொங்கணியர் ஆகியோர் ‘தென்னிந்தியர்’ என்ற ஒற்றைப் பெயருக்குள் வாழப் பழகிக்கொண்டது இங்கேதான். பாலக்காட்டிலோ தஞ்சாவூரிலோ உடுப்பியிலோ இருந்தவரை அவர்களில் யாரும் தம்மைத் தென்னிந்தியர் என்று சொல்லிக்கொண்டதில்லை. ரயில் ஏறி வடக்கே வந்த பிறகு கிடைத்த பெயர் அது.

பெயரும் பழைய ஊரும்

13ஆம் நூற்றாண்டில் மாஹிமைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட பீமதேவனின் யானைக் கொட்டாரம் இங்கிருந்ததாகவும், யானையைக் குறிக்கும் ‘மாதங்கம்’ என்ற சொல்லே மாட்டுங்கா ஆனதாகவும் ஒரு கதை உண்டு. மருபாய் என்ற கிராம தேவதையின் பெயரிலிருந்து வந்தது என்போரும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் கல்வெட்டுச் சான்று காட்டுவது கடினம். ஆனால் மருபாய் இன்றும் இருக்கிறாள். மராட்டியர் காவ்தேவியாக வணங்கும் அவளைத் தமிழர்கள் தம் மாரியம்மனாகப் பார்க்கிறார்கள். யானையைவிட அம்மனுக்கே இந்த ஊரில் செல்வாக்கு அதிகம்.

19ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பீரங்கிப் படை சில காலம் இங்கே முகாமிட்டிருந்தது. 1890இல் தொழுநோயாளருக்கான இல்லம் அமைந்தது. வடாலாவில் உள்ள ஆக்வொர்த் மருத்துவமனை அதன் தொடர்ச்சி. நகரம் தன் கண்ணுக்கு எட்டாமல் வைக்க விரும்பியவற்றை அனுப்பிவைத்த ஓரமாகத்தான் மாட்டுங்கா அப்போது இருந்தது. வயல், தென்னை, சேற்றுநிலம், நடுவே சிறு கிராமம்.

பிளேக் போட்ட தெருக்கள்

1896இல் மாண்ட்வியில் தொடங்கிய பிளேக், பம்பாயின் நெரிசலான ‘சால்’ குடியிருப்புகளைச் சூறையாடியது. காற்றும் வெளிச்சமும் இல்லாத வீடுகளே நோய்க்குக் காரணம் என்று அரசு முடிவுகட்டியது. 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் உருவானது. டிரஸ்ட் வகுத்த தாதர்–மாட்டுங்கா, சயான்–மாட்டுங்கா திட்டங்கள் ஒவ்வொன்றிலும் சுமார் 60,000 பேரைக் குடியமர்த்துவது நோக்கம். மனைகளுக்கிடையே இடைவெளி, அகலமான சாலை, நடைபாதை, மரங்கள், பூங்காக்கள் எல்லாம் வரைபடத்திலேயே இடம்பெற்றன. இந்தியாவில் திட்டமிட்டு எழுப்பிய முதல் புறநகர்ப் பகுதிகளில் இதுவும் ஒன்று. பார்ஸி காலனியை ஒட்டிய ஐந்து தோட்டங்களும், வட்டமான கிங்ஸ் சர்க்கிளும் (இன்றைய மகேஸ்வரி உத்யான்) அந்த வரைபடத்தின் மிச்சங்கள்.

பாவு தாஜி, தெலங், பண்டார்க்கர் என்று 19ஆம் நூற்றாண்டு மேற்கிந்திய அறிஞர்களின் பெயர்களைத் தெருக்கள் தாங்கின. அந்தத் தெருக்களில் பிற்பாடு விபூதியும் பஞ்சகச்சமுமாக நடந்தவர்களுக்கு தெலங் ஒரு நீதிபதி என்பது தெரிந்திருக்குமா என்பது சந்தேகமே. ‘தெலங் ரோடு’ அவர்களுக்குக் கோயிலின் விலாசம், அவ்வளவுதான்.

நிலம் தயாரான பிறகும் ஆட்கள் உடனே வரவில்லை. முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில்தான் கட்டடங்கள் வேகமாக எழும்பின. 1915 அளவில் ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பணிமனை இரு ரயில் தடங்களுக்கும் நடுவே அமைந்தது. 1887இல் தொடங்கிய விக்டோரியா ஜூபிளி தொழில்நுட்பக் கல்லூரி 1923இல் மாட்டுங்காவுக்கு இடம்பெயர்ந்தது. ராம்நாராயண் ருயா கல்லூரியும் கால்சா கல்லூரியும் 1937இலும், போதார் வணிகக் கல்லூரி 1941இலும் வந்தன. 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் ஒரு துறையாகப் பிறந்த வேதியியல் தொழில்நுட்ப நிறுவனமும் நாற்பதுகளில் இங்கேயே நிலைகொண்டது. நாடக, திரை நடிகர் பிருத்விராஜ் கபூரின் குடும்பம் இந்தக் கல்லூரிகளின் பின்புறத் தெருவில்தான் வாழ்ந்தது.

குமாஸ்தாக்களின் வருகை

பாலக்காட்டிலும் காவிரிக் கரையிலும் நிலம் பாகம் பிரிந்து சுருங்கிக்கொண்டிருந்தது. ஆங்கிலப் படிப்பு பெருகியது. 1921 முதல் சென்னை மாகாணத்தில் வந்த வகுப்புவாரி ஆணைகளால் அரசு வேலையில் பிராமணர்களின் பங்கு குறையலாயிற்று. பம்பாயிலோ வணிக நிறுவனங்கள், வங்கிகள், இன்சூரன்ஸ் கம்பெனிகள், ரயில்வே அலுவலகங்கள் எல்லாம் தட்டச்சும் சுருக்கெழுத்தும் தெரிந்த ஆட்களைத் தேடின. ஹையர் தட்டச்சுச் சான்றிதழ், உறவினர் ஒருவரின் விலாசம், ஊறுகாய் ஜாடி ஆகியவற்றோடு மெட்ராஸ் மெயிலில் வந்திறங்கியவர்கள் முதலில் ‘மெஸ்’களில் தங்கினார்கள். பிறகு வேலை நிரந்தரமானதும் கல்யாணம், குடித்தனம்.

இந்தக் குடித்தனம் நடந்த இடம்தான் மாட்டுங்காவின் உண்மையான புதுமை. சாலில் குடும்பத்துக்கு ஓர் அறை, தாழ்வாரத்தின் கோடியில் எல்லோருக்கும் பொதுவான கழிப்பறை. மாட்டுங்காவில் எழுந்த மூன்று நான்கு மாடிக் கட்டடங்களிலோ சமையலறை, குளியலறை, கழிப்பறை மூன்றும் வீட்டுக் கதவுக்கு உள்ளேயே இருந்தன. இன்று சாதாரணமாகத் தோன்றும் இது அன்று லேசான காரியமில்லை. ஊரில் கொல்லைக் கோடியில் இருந்த ஒன்று, மடியோடு சமைக்கும் அடுக்களைக்குச் சில அடி தள்ளி வந்துவிட்டது. ஆசாரம் இந்த ஏற்பாட்டுக்கு எப்படி உடன்பட்டது, கட்டட வரைபடங்கள் அதற்கேற்ப எப்படி வளைந்தன என்பதை வரலாற்றாசிரியர் நிகில் ராவ் 2013இல் வெளியான ‘ஹவுஸ், பட் நோ கார்டன்’ என்ற நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். பலவகைப் பிராமணர்களும் பிற உயர்சாதியினரும் ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்துக் குடியிருந்து, ஊரில் பாராட்டிய உட்பிரிவு வேறுபாடுகளைத் தளர்த்திக்கொண்டபோது ‘தென்னிந்தியர்’ என்ற அடையாளம் திரண்டது என்பது அவர் வாதங்களில் ஒன்று. தளர்ந்தவை உட்பிரிவுகள் மட்டுமே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தத் திண்ணைப் பேச்சில் எல்லாச் சாதியினருக்கும் இடமிருக்கவில்லை.

கோயில், பள்ளி, சபா

வாடகை வீட்டில் ராமர் படத்தை வைத்துப் பஜனை செய்தவர்கள் 1920களில் ஆஸ்திக சமாஜமாகத் திரண்டார்கள். தெலங் ரோட்டில் அவர்கள் எழுப்பிய கோயிலை ‘கொச்சு குருவாயூர்’ என்று அழைக்கிறார்கள். குட்டி குருவாயூர் என்பது பொருள். பக்கத்திலேயே சங்கர மடம், பஜன சமாஜம். ராமநவமி உற்சவம், ராதா கல்யாணம், மார்கழி பஜனை எனச் சம்பிரதாய பஜனைக்கு கும்பகோணத்துக்கு நிகரான பஞ்சாங்கம் இங்கே ஓடுகிறது. பூஜைப் பொருள்களுக்கும் பக்தி நூல்களுக்கும் சென்னை மயிலாப்பூரில் பேர்பெற்ற கிரி டிரேடிங் ஏஜென்சி 1951இல் பிறந்தது மாட்டுங்காவில்தான். மயிலாப்பூர்க்காரர்கள் பலருக்கு இது வியப்பாக இருக்கும்.

சாமிக்கு அடுத்தது படிப்பு. எம். வி. வெங்கடேஸ்வரன் 1932இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் மாட்டுங்காப் பள்ளியில் ஆரம்பித்து, 1960இல் சயானில் கல்லூரி, பிறகு நவி மும்பை வரை வளர்ந்தது. வடாலாவில் தென்னிந்திய நலச் சங்கம் 1934இல் உருவானது. கன்னடியருக்கு பாவு தாஜி ரோட்டில் மைசூர் அசோசியேஷன் இருந்தது. அதன் அரங்கில் தமிழ் நாடகங்களும் நடந்தன. பெயர்ப்பலகை எந்த மொழியில் இருந்தாலும் நாற்காலிகளில் எல்லா மொழிக்காரர்களும் உட்கார்ந்தார்கள்.

நடனத்தில் மாட்டுங்காவின் பங்கு போதிய அளவுக்குப் பேசப்படவில்லை. திருவிடைமருதூர் மரபைச் சேர்ந்த நட்டுவனார் குடும்பத்தார் 1945இல் ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திரைத் தொடங்கினார்கள். குப்பையா பிள்ளை, கோவிந்தராஜ பிள்ளை, மகாலிங்கம் பிள்ளை, கல்யாணசுந்தரம் பிள்ளை ஆகியோர் அங்கே கற்பித்தவர்கள். தமிழ்நாட்டில் பல நட்டுவனார் குடும்பங்கள் மேடையிலிருந்து மெல்ல விலகிக்கொண்டிருந்த காலத்தில், பம்பாயில் குஜராத்தி, பார்ஸி, மராட்டியப் பெண்களுக்கு இசைவேளாளர் குடும்பம் ஒன்று அலாரிப்பு சொல்லிக்கொடுத்து ஒரு தலைமுறையையே உருவாக்கியது. 1952இல் அமைந்த ஸ்ரீ ஷண்முகானந்த சங்கீத சபா, கிங்ஸ் சர்க்கிளுக்கு அருகே கட்டிய பேரரங்கம் 1963இல் திறக்கப்பட்டது. 1990இல் தீ விபத்தில் எரிந்து, தொண்ணூறுகளின் இறுதியில் காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதியின் பெயருடன் மீண்டும் எழுந்தது. ஏறத்தாழ 2,700 பேர் அமரும் அரங்கம் என்பதால் நாட்டின் மிகப் பெரிய கலையரங்குகளில் ஒன்றாக எண்ணப்படுகிறது.

இலையும் டபராவும்

வெளியார் மாட்டுங்காவுக்கு வருவது பெரும்பாலும் சாப்பிடத்தான். ‘மதராசிச் சாப்பாடு’ என்று மும்பைக்காரர்கள் தேடி வரும் கடைகளில் பலவற்றைத் தொடங்கியவர்கள் தமிழர் அல்லர். உடுப்பி, மங்களூர்ப் பக்கத்துக் கொங்கணியரும் துளுவருமே. சிறுவனாகப் பம்பாய் வந்து சமையற்கட்டில் உழைத்த ஏ. ராம நாயக் 1942இல் நிலையத்துக்கு எதிரே தொடங்கிய உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங்கில் இன்றும் வாழையிலைச் சாப்பாட்டுக்கு வரிசை நிற்கிறது. கபே மைசூரும் அவர் குடும்பத்தினுடையது. ராம் ஆஷ்ரய் 1939இலும், காமத் குடும்பத்தின் கபே மெட்ராஸ் 1940இலும் வந்தன. இட்லி, ரச வடை, நெய் தோசை, டபராவில் ஆற்றிய காபி. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெயர் கொடுத்துவிட்டு நடைபாதையில் காத்திருப்போரில் கட்ச் பகுதி ஜைனர்களே அதிகமாக இருக்கக்கூடும். வெங்காயமில்லாத சாம்பார் இங்கே எளிதாகக் கிடைப்பதற்கு அவர்களும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தண்டவாளத்தின் மறுபக்கம்

பணிமனைக்கு அப்பால் இன்னொரு தமிழ் உலகம் இருந்தது. தோல் பதனிடவும் கூலி வேலைக்கும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் தாராவியில் குடியேறினார்கள். அதை ஒட்டிய மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் தலித் தொழிலாளர்கள் மிகுதி. 1944இல் அண்ணாபாவு சாட்டேயும் அமர் ஷேக்கும் கவாணகரும் ‘லால் பாவ்டா கலாபதக்’ என்ற செங்கொடிக் கலைக்குழுவைத் தொடங்கியது அங்கேதான். ஒரே பெயரைச் சுமந்த இரண்டு மாட்டுங்காக்கள். ஒன்றில் ராதா கல்யாணம், மற்றதில் செங்கொடிப் பாட்டு. அதிகாலையில் தாராவி வீடுகளில் அவித்த இட்லியைச் சைக்கிளில் கட்டி, ஹாரனை அமுக்கிக்கொண்டு வந்த ‘இட்லி அண்ணா’தான் இரண்டுக்கும் இடையே தினமும் போய்வந்தவர்.

1966இல் உருவான சிவசேனை, அலுவலக வேலைகளில் தென்னிந்தியர் மிகுந்திருப்பதை எதிர்த்துப் போராடியபோது உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. ‘மதராசி’ என்ற சொல் வசவானது. பெயரை நகரம் வைத்தது. அடியும் அந்தப் பெயருக்கே விழுந்தது. அதே காலத்தில் வளர்ந்த நிழலுலகத் தலைவர் வரதராஜ முதலியார், மாட்டுங்கா நிலையத்துக்கு வெளியே ஆண்டுதோறும் போட்ட பிரம்மாண்டக் கணபதிப் பந்தல், எளிய தமிழர்களுக்கு ஒருவகை எதிர்வாதமாகத் தெரிந்திருக்கலாம். சாராயமும் கடத்தலும் அதன் முதலீடு என்பதும் மறுக்க முடியாதது. எண்பதுகளில் காவல்துறை நெருக்கியதும் சென்னைக்குச் சென்ற அவர் 1988இல் இறந்தார். 1987இல் வெளியான ‘நாயகன்’ படத்துக்கு அவர் வாழ்க்கையே தூண்டுதல். இன்றைய பெரிய கணபதி, கிங்ஸ் சர்க்கிளில் கௌட சாரஸ்வதர்கள் 1955 முதல் வைத்துவரும், தங்கம் பூட்டிய கணபதி.

பின்னர்

1947ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் வாடகையை 1940ஆம் ஆண்டு அளவிலேயே நிறுத்திவைத்தது. குடியிருந்தவர்கள் நகரவில்லை; உரிமையாளர்கள் பழுதுபார்க்கவில்லை. பிள்ளைகள் பெரியவர்களானதும் இடம் போதாமல் செம்பூர், முலுண்ட், டோம்பிவலி என்று கிளைவிட்டார்கள். பேரப்பிள்ளைகளில் பலர் அமெரிக்காவில். அவர்கள் விட்ட இடத்தை கட்ச், குஜராத்திக் குடும்பங்கள் நிரப்பின. பழைய கட்டடங்கள் 33(7) என்ற மறுகட்டுமான விதியின்கீழ் இடிபட்டுக் கோபுரங்களாகின்றன. கிங்ஸ் சர்க்கிள் நிலையத்துக்குத் தீர்த்தங்கர் பார்ஸ்வநாத் எனப் பெயரிட 2024இல் மாநில அரசு முடிவெடுத்தது. மாட்டுங்கா நிலையம் 2017 முதல் முழுக்கப் பெண் ஊழியர்களால் இயங்குகிறது.

பெருமழைக்குக் காந்தி மார்க்கெட் பக்கம் தண்ணீர் தேங்குவது மட்டும் மாறவில்லை. நிலையத்துக்கு வெளியே பூக்கடைகளில் மல்லிகையும் கதம்பமும், காய்கறித் தெருவில் வாழைப்பூவும் சேனையும் கறிவேப்பிலையும் கிடைக்கின்றன. தீபாவளிக்கும் ஆவணி அவிட்டத்துக்கும் செம்பூரிலிருந்தும் டோம்பிவலியிலிருந்தும் லோக்கல் ரயில் பிடித்து வாங்க வருகிறார்கள். விலை கேட்பது இந்தியில், பேரம் பேசுவது தமிழில்.