பருத்தி இழை நீள்வதும் நிற்பதும்: நான்கு இனங்கள் தரும் சான்று

உலகில் மனிதர் பயிராக்கிய பருத்தி இனங்கள் நான்குதான். அந்த நான்கும் கொங்கு மண் கண்டவை. மானாவாரிக் கரிசலில் உப்பம், கருங்கண்ணி என்ற இரு இனப் பருத்திகள் விளைந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த கம்போடியாப் பருத்தி கிணற்றுப் பாசனத் தோட்டங்களில் வேரூன்றியது. சுஜாதா ரகத்தையும் மேற்கிந்தியத் தீவுகளின் செயின்ட் வின்சென்ட் ரகத்தையும் கலந்து கோவையில் உருவாக்கிய சுவின், 1974இல் வெளியானது. இந்தியாவின் மிக நீண்ட இழைப் பருத்தி அது. ஆக, இழை நீளம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கேட்க இதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. ஆக்சிஜனேற்றச் சமநிலையைக் காக்கும் புரதங்கள் எந்த நாளில் எவ்வளவு வேலை செய்கின்றன என்பதில்தான் விடையின் பெரும்பகுதி இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஒவ்வொரு பஞ்சிழையும் ஒரே ஒரு செல். சூலின் மேல்தோலில் உள்ள செல்களில் ஒரு பகுதி மட்டும், பூ மலரும் நாளை ஒட்டிப் புடைத்து எழுகிறது. பின்னர் ஏறத்தாழ மூன்று வாரம் அது நீள்கிறது. நீட்சி அடங்கும் தறுவாயில் இரண்டாம் நிலைச் சுவர் உள்ளே படியத் தொடங்குகிறது. அது பெரும்பாலும் தூய செல்லுலோஸ். நீட்சி போதாவிட்டால் ஸ்டேப்பிள், அதாவது இழை நீளம், குறையும். சுவர் போதாவிட்டால் முதிராத பஞ்சு வரும். நூற்கும்போது அது சிறு முடிச்சுகளாகத் திரளும், சாயமும் சரியாக ஏறாது. ஒரு செல்லின் இரு பருவங்களுக்கு இடையிலான எல்லைதான் மில்காரரின் விலையைத் தீர்மானிக்கிறது.

அந்த எல்லையில் நிற்பது ஹைட்ரஜன் பெராக்சைடு. செல் சவ்வில் உள்ள ஆக்சிடேஸ் நொதி சூப்பராக்சைடை உண்டாக்குகிறது. சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் அதைப் பெராக்சைடாக மாற்றுகிறது. அஸ்கார்பேட் பெராக்சிடேஸ் அதைத் தண்ணீராக்குகிறது. 1999இல் வெளியான ஓர் ஆய்வு, சுவர் படியத் தொடங்கும் அதே கட்டத்தில் பெராக்சைடு உயர்வதைக் காட்டியது. பெராக்சைடைத் தடுத்தால் சுவர் மாற்றம் நிகழவில்லை. இளம் இழைக்கு வெளியிலிருந்து கொடுத்தால் சுவர் முன்கூட்டியே வந்தது. ராக்13 என்ற சிறு புரதமும் இதே கட்டத்தில் மிகுவதால், உற்பத்தியைத் தூண்டுவது அதுவே என்று அவ்வாய்வாளர்கள் கருதினர்.

ஆனால் 2007இல் அஸ்கார்பேட் பெராக்சிடேஸைப் பற்றி வெளிவந்த ஆய்வு வேறொன்று சொல்கிறது. நீட்சிக் காலத்தில் அந்த நொதி மிகுதியாக இருக்கிறது. அதே காலத்தில் பெராக்சைடைச் சிறிது கொடுத்தால் இழை மேலும் நீள்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் மோதுகின்றன. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிறிதளவு பெராக்சைடு நீட்சிக்குச் செய்தி, பேரளவு நீட்சியை முடிக்கும் செய்தி. நொதியின் வேலை பெராக்சைடை ஒழிப்பதன்று. அதை ஒரு வரம்புக்குள் வைப்பது.

வரம்பு மீறினால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு புரதமே நேர் சாட்சி. செல்லுலோஸை உருவாக்கும் சின்தேஸ் நொதியின் ஒரு முனையில் சிஸ்டீன்கள் துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஆக்சிஜனேற்றம் கூடும்போது துத்தநாகம் விடுபடுகிறது, சிஸ்டீன்கள் டைசல்பைடு பிணைப்பு கொள்கின்றன, இரண்டு நொதிகள் இணையாகச் சேர்கின்றன. 2002இல் பருத்தி இழையின் நொதியிலேயே இது காட்டப்பட்டது. இப்படி இணைவது செல்லுலோஸ் இழைக்கற்றை உருவாகும் அமைப்பின் முதற்படியாகலாம். அப்படியானால் பெராக்சைடின் உயர்வு, சுவர் கட்டும் எந்திரத்தையே பூட்டித் தருகிறது.

இனி நான்கு இனங்களுக்கு வருவோம். காட்டுப் பருத்தியையும் பயிர்ப் பருத்தியையும் ஒப்பிட்ட 2009ஆம் ஆண்டு ஆய்வு, தனித்தனியே பயிராக்கப்பட்ட இனங்களின் இழையில் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தோடு தொடர்புடைய மரபணுக்கள் ஒத்த திசையில் மாறியிருப்பதைக் கண்டது. பழைய உலகத்தார் தேர்ந்தெடுத்ததும் புதிய உலகத்தார் தேர்ந்தெடுத்ததும் ஒரே இடத்தில் போய் முடிந்திருக்கின்றன. நீண்ட பஞ்சைத் தேடிய உழவர்கள், தாம் அறியாமலே, பெராக்சைடின் உயர்வைத் தள்ளிப்போடும் செடிகளைப் பொறுக்கியிருக்கிறார்கள் என்று நான் இதைப் படிக்கிறேன்.

இந்த வாசிப்பு சரியென்றால் நம் அளவைமுறை மாற வேண்டும். வறட்சி தாங்கும் ரகம் தேடும்போது இலையில் கேட்டலேஸும் பெராக்சிடேஸும் எவ்வளவு என்று அளப்பது வழக்கம். எண் கூடினால் நல்ல ரகம் என்று முடிவு செய்துவிடுகிறோம். இழைக்கு இது பொருந்தாது. சுவர் படியும் நாளிலும் பெராக்சைடை ஒடுக்கும் நொதிகள் மிகுந்தே இருந்தால் கிடைப்பது முதிராத பஞ்சு. நீட்சிக் காலத்தில் தண்ணீர் பற்றாமல் போனால் ஸ்டேப்பிள் குட்டையாவதும் தெரிந்ததே. செல்லின் உள்ளழுத்தம் குறைவதை மட்டும் இதற்குக் காரணமாகச் சொல்கிறோம். பெராக்சைடு நாள் தவறி உயர்ந்து நீட்சியை முடித்துவைப்பதும் காரணமாக இருக்கக்கூடும்.

இதைச் சோதிக்கலாம். சுவினையும் கருங்கண்ணியையும் ஒரே தோட்டத்தில் பக்கம் பக்கமாக விதைத்து, மலர்ந்த அன்றே ஒவ்வொரு பூவிலும் அட்டை கட்டி, பத்தாம் நாள் முதல் நாள்தோறும் காயைப் பறித்து, இழையை மட்டும் பிரித்துப் பெராக்சைடையும், ஆக்சிடேஸ், டிஸ்மியூட்டேஸ், அஸ்கார்பேட் பெராக்சிடேஸ் ஆகிய மூன்று நொதிகளையும் அளக்க வேண்டும். என் வாதப்படி சுவினில் உயர்வு பிந்தி வர வேண்டும். இரண்டிலும் ஒரே நாளில் வந்தால், நீளத்தின் காரணத்தை எத்திலீன் ஹார்மோனிலோ செல் சுவரைத் தளர்த்தும் புரதங்களிலோ தேட வேண்டியிருக்கும்.