கணக்கில் பூத்த மல்லிகை

கல்லூரியில் நான் படித்த இரண்டு வருஷங்களில் கணக்கு வாத்தியார் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கட்டம் போட்ட காகிதத்தில் ஒரு வளைகோடு வரையச் சொல்லியிருந்தார். வலது பக்கத்துக்கு ஏழெட்டுப் புள்ளிகளைக் கணக்கிட்டு வைத்தேன். கோடு அழகாக வந்தது. இடது பக்கத்துக்கும் அதேபோல் உட்கார்ந்து கணக்கிட வேண்டுமே என்று எனக்கு அலுப்பு. காகிதத்தை நடுவில் மடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வலது பக்கத்துக் கோட்டை இடது பக்கத்தில் அப்படியே நகல் எடுத்துவிட்டேன். பார்க்கப் பட்டாம்பூச்சி மாதிரி இருந்தது.

வாத்தியார் கோபித்துக்கொள்ளவில்லை. "வலது பக்கம் சமன்பாட்டிலிருந்து வந்தது, தெரிகிறது. இடது பக்கம் எங்கேயிருந்து வந்ததப்பா?" என்றார். வகுப்பு முழுவதும் சிரித்தது. அந்த வருஷம் கணக்கில் நான் தேறவில்லை. பிறகு கதை எழுதப் போய்விட்டேன்.

வெகுகாலம் கழித்துக் கணித சரித்திரத்தைப் புரட்டியபோது எனக்கு ஓர் ஆறுதல் கிடைத்தது. நான் செய்த அதே காரியத்தை 1638-ஆம் வருஷத்தில் பிரெஞ்சு தேசத்து மகா மேதைகள் செய்திருக்கிறார்கள்! அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். கணக்கு என்றதும் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். இதில் கர்வம் உண்டு, சண்டை உண்டு, பூவும் உண்டு.

கட்டக் காகிதத்தின் ரகசியம் மிகவும் எளிது. குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு. இந்த இரண்டு அச்சுகளும் வெட்டிக்கொள்கிற இடத்திலிருந்து வலப்புறம் 3, மேலே 4 என்று சொன்னால், காகிதத்தில் ஒரே ஒரு புள்ளியைத்தான் அது குறிக்கும். இரண்டு எண்கள் சேர்ந்து ஒரு புள்ளியின் விலாசம் ஆகின்றன. சரி, இரண்டு எண்களுக்குள் ஓர் உறவு இருந்தால்? "இரண்டையும் கூட்டினால் 10" என்று வைத்துக்கொள்ளுங்கள். 1-ம் 9-ம், 2-ம் 8-ம், 5-ம் 5-ம் என்று புள்ளி வைத்துக்கொண்டே போனால் எல்லாம் ஒரு நேர்கோட்டில் வந்து நிற்கும். "இரண்டின் வர்க்கங்களையும் கூட்டினால் 25" என்று உறவை மாற்றினால், அதே காகிதத்தில் வட்டம் பிறக்கும். கண்ணுக்குத் தெரியாத உறவுக்கு ஒரு முகம் கிடைத்துவிடுகிறது.

இதைக் கண்டுபிடித்தவர் ரெனே டேக்கார்ட் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். அதற்கு ஓர் ஈயின் கதையும் உண்டு. டேக்கார்ட் சிறுவயதில் பலவீனமானவர். அதனால் காலையில் நேரம் கழித்து எழுந்திருக்க அவருக்குப் பள்ளியில் அனுமதி இருந்தது. அந்தப் பழக்கம் பெரியவரான பிறகும் போகவில்லை. ஒருநாள் படுக்கையில் கிடந்தபடியே கூரையில் ஊர்ந்த ஈயைப் பார்த்தாராம். ஈ இருக்கும் இடத்தை இரண்டு சுவர்களிலிருந்து அளந்து சொல்லிவிடலாமே என்று தோன்றியதாம். நல்ல கதை. ஆனால் டேக்கார்ட் எழுதிய எதிலும் அந்த ஈ இல்லை. பின்னால் வந்த என்னைப் போன்ற ஒருவர் அதைப் பறக்கவிட்டிருக்க வேண்டும்.

உண்மையில் இந்த யோசனை ஏறக்குறைய ஒரே சமயத்தில் இரண்டு பேருக்குத் தோன்றியது. இன்னொருவர் பியேர் ஃபெர்மா, துலூஸ் நகரத்து நியாய மன்றத்தில் உத்தியோகம். கணக்கு அவருக்குப் பொழுதுபோக்கு. எதையும் அச்சில் கொண்டுவர ஆசைப்படாதவர். இரண்டு எண்களின் உறவு ஒரு கோடாக விரிவதைப் பற்றி அவர் எழுதிய சிறு நூல் கையெழுத்துப் பிரதியாகவே நண்பர்களிடம் சுற்றிக்கொண்டிருந்தது. 1665-ல் அவர் காலமாகி, 14 வருஷம் சென்ற பிறகு, 1679-ல் அவருடைய மகன்தான் அதை அச்சிட்டார். டேக்கார்ட்டின் "வடிவ கணிதம்" 1637-லேயே ஹாலந்து தேசத்து லைடன் நகரில் அச்சாகிவிட்டது. அச்சில் வந்தவருக்குப் பெயர் நிலைத்தது.

இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. டேக்கார்ட்டின் ஒளியியல் நூலை ஃபெர்மா குறை சொன்னார். டேக்கார்ட் அதை மனத்தில் வைத்துக்கொண்டிருந்தார். வளைகோடுகளுக்குத் தொடுகோடு போட ஃபெர்மா தாம் கண்ட முறையை அனுப்பியதும், அது சரியல்ல என்று அடித்துப் பேசினார். நேரே அல்ல, பாரிஸில் மெர்சென் என்றொரு பாதிரியார் இருந்தார், ஐரோப்பாவின் பண்டிதர்களுக்கெல்லாம் தபாலாபீஸ் மாதிரி. சண்டைக் கடிதங்கள் அவர் வழியாகப் போய் வந்தன.

1638-ல் டேக்கார்ட் ஒரு சவால் விட்டார். புதிதாக ஒரு சமன்பாட்டைக் கொடுத்து, "இந்தக் கோட்டுக்கு உங்கள் முறையால் தொடுகோடு போடுங்கள், பார்ப்போம்" என்பதுதான் அதன் சாரம். டேக்கார்ட்டின் சொந்த முறையே அந்தக் கோட்டிடம் திணறக் கூடியது. ஃபெர்மாவோ தம் முறையால் எளிதாகப் போட்டுவிட்டார். கடைசியில் டேக்கார்ட், முதலிலேயே இப்படி விளக்கியிருந்தால் நான் மறுத்தே இருக்கமாட்டேன் என்ற பாணியில் ஒப்புக்கொண்டார்.

சண்டை முடிந்தது. என் கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்தச் சவால் கோடு எப்படி இருக்கும்?

அந்த உறவை நம் வசதிக்கு எண் போட்டுச் சொல்கிறேன்: இரண்டு எண்களின் கனங்களைக் கூட்டினால், அவற்றின் பெருக்கலைப் போல் 9 மடங்கு வர வேண்டும். 2-ம் 4-ம் பொருந்தும். கனங்கள் 8-ம் 64-ம் சேர்ந்து 72. பெருக்கல் 8, அதன் 9 மடங்கும் 72. திருப்பிப் போட்டால் 4-ம் 2-ம் பொருந்தும். நாலரையும் நாலரையும் பொருந்தும். இப்படிப் புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டே போனால் அச்சுகள் வெட்டும் இடத்தில் புறப்பட்டு, வளைந்து, அங்கேயே திரும்பி வருகிற அழகான ஓர் இலை கிடைக்கிறது. லத்தீனில் இலைக்கு "ஃபோலியம்" என்று பெயர். கணித நூல்களில் "டேக்கார்ட்டின் இலை" என்றுதான் இன்றும் சொல்கிறார்கள்.

இது காகிதத்தின் வலது மேல் கால்பகுதியில். மற்ற மூன்று கால்பகுதிகளில்? அங்கேயும் இதே இலைதான் திரும்பத் திரும்ப வரும் என்று டேக்கார்ட் எண்ணினார். ரோபர்வால் என்ற இன்னொரு பெரிய கணிதரும் அப்படியே நம்பினார். நான்கு இதழ் விரிந்த அந்தக் கோட்டுக்கு மல்லிகைப் பூ என்று பெயரே வைத்துவிட்டார். காகிதத்தை மடித்து நகல் எடுத்தது நான் மட்டும் அல்ல என்று இப்போது ஒப்புக்கொள்வீர்கள்!

ஏன் இப்படி நேர்ந்தது? மற்றக் கால்பகுதிகளுக்குப் போக வேண்டுமானால் குறை எண்களோடு பழக வேண்டும். டேக்கார்ட் தம் நூலில் சமன்பாட்டுக்கு விடையாக வரும் குறை எண்களுக்குக் கொடுத்த பெயரே "பொய் விடைகள்" என்பது. அவரும் சரி, ஃபெர்மாவும் சரி, நாம் போடுகிற மாதிரி கூட்டல் குறியாக இரண்டு அச்சுகளை இழுத்து நாலு பக்கமும் ஒழுங்காக எண் குறித்தவர்கள் அல்ல. நம் நாட்டுப் பிரம்மகுப்தர் 628-லேயே குறை எண்ணைக் கடன் என்றும் மிகை எண்ணைத் தனம் என்றும் சொல்லி இரண்டுக்கும் விதிகள் வகுத்திருந்தார். கடன் பொய் அல்ல என்பது கடன்பட்டவனுக்குத் தெரியும். டேக்கார்ட்டின் காலத்து ஐரோப்பாவில் பலருக்குக் குறை எண் இன்னும் வீட்டு வாசலில் நிற்கும் அந்நியன்தான்.

அந்த அந்நியனை உள்ளே அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். இரண்டு எண்களும் குறை எண்களானால் என்ன ஆகும்? அவற்றின் கனங்கள் குறை, கூட்டினாலும் குறை. பெருக்கலோ மிகை. குறையும் மிகையும் எப்படிச் சமமாகும்? ஆகவே இடது கீழ்க் கால்பகுதியில் இலை இல்லை, காம்பு இல்லை, ஒரு புள்ளிகூட இல்லை. ஒன்று மிகை, மற்றது குறை என்ற இரண்டு கால்பகுதிகளில் மட்டும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இழைகள் கிளம்புகின்றன. அவை இதழாக மடங்கித் திரும்புவதே இல்லை. ஒரு சாய்ந்த நேர்கோட்டை நெருங்கி நெருங்கி, தொடாமலே, முடிவில்லாமல் போய்க்கொண்டிருக்கின்றன.

1690-களில்தான் டச்சுக்காரர் ஹைகன்ஸ் இந்த உண்மை வடிவத்தைக் காட்டினார். மல்லிகை உதிர்ந்தது. அதைப் பார்க்க டேக்கார்ட்டோ, ஃபெர்மாவோ, ரோபர்வாலோ உயிரோடு இல்லை. 1704-ல் நியூட்டன் இந்தக் குடும்பத்துக் கோடுகளை 72 வகையாகப் பிரித்து வெளியிட்டார். அதில் அவர் நாலு கால்பகுதிகளிலும் தயக்கமில்லாமல் நடமாடினார்.

மேதைகள் தவறினார்கள் என்று சந்தோஷப்படுவதற்காக இதை எழுதவில்லை. ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு மறுபக்கமும் அப்படித்தான் இருக்கும் என்று முடித்துவிடுவது மனித சுபாவம். அழகு அதற்கு உடந்தை. பாதி தெரிந்த மனிதரை முழுவதும் தெரிந்தவராக எழுதிவிட்டு, பாத்திரம் நன்றாக அமைந்துவிட்டது என்று நானே மகிழ்ந்து போயிருக்கிறேன். கட்டக் காகிதம் மட்டும் அந்த ஆசைக்கு இடம் கொடுப்பதில்லை. ஒவ்வொரு புள்ளியையும் போய்க் கேட்கச் சொல்கிறது.

போன மாதம் ஒரு காகிதம் வாங்கி வந்து, குறை எண்களையும் சேர்த்து, அந்தக் கோட்டை நானே போட்டுப் பார்த்தேன். இரண்டு மாலைப் பொழுதுகள் ஆயின. ஓர் இலை, இரண்டு இழைகள், இடது கீழ் மூலையில் வெறும் கட்டங்கள். வாத்தியார் இப்போது இல்லை. இருந்தால் அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய் நீட்டி, "இந்தத் தடவை இடது பக்கமும் சமன்பாட்டிலிருந்துதான் வந்தது, சார்" என்று சொல்லியிருப்பேன்.