சிறகிலிருந்து தட்டுக்கு: தீவகத்தின் துவக்கும் ஸ்கீட் கலையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே, ஆழம் குறைந்த பரவைக்கடலுக்கும் பாக்கு நீரிணைக்கும் இடையில் அமைந்த வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு முதலியவற்றை மக்கள் தீவகம் என்னும் ஒரே பெயரால் வழங்குவர். ஸ்கீட் என்பதோ, பொறியால் எறியப்படும் களிமண் தட்டுகளை அவை வானில் பறந்துகொண்டிருக்கும்போதே சுட்டு உடைக்கும் போட்டி விளையாட்டு. முதற்பார்வையில் இவ்விரண்டுக்கும் உறவு எதுவும் தென்படாது. ஆயினும், அவ்விளையாட்டு பறவை வேட்டைக்கான பயிற்சியாகவே பிறந்தது என்பதையும், தீவகம் ஆண்டுதோறும் வலசைப் பறவைகள் இறங்கும் நிலம் என்பதையும் சேர்த்து நோக்கினால், பறக்கும் பொருளைச் சுடும் ஒரே திறன் ஓரிடத்தில் விளையாட்டாக வளர்ந்ததும் மற்றோரிடத்தில் சட்டத்தாலும் போராலும் அடங்கியதும் ஒன்றையொன்று விளக்கும் இரு வரலாறுகள் என்பது புலப்படும்.

தீவகத்துக்குத் துவக்கு கடல்வழியாக வந்தது. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், ஊர்காவற்றுறைக்கும் காரைதீவுக்கும் இடைப்பட்ட நீர்வழியைக் காக்க அதன் நடுவே முருகைக்கல்லால் கோட்டையொன்றை எழுப்பினர். 1658இல் அதனைப் பிடித்த ஒல்லாந்தர், இலங்கையின் வடிவம் பதப்படுத்திய பன்றித்தொடையை ஒத்தது என்றும் அக்கோட்டை அதன் குதிகால் என்றும் கொண்டு, அப்பொருள் தரும் ஹமன்ஹீல் என்ற பெயரை அதற்கு இட்டனர். ஊர்காவற்றுறை அமைந்த தீவுக்கு லெய்டன், நயினாதீவுக்கு ஹார்லெம், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க், நெடுந்தீவுக்கு டெல்வ்ற் எனத் தம் நாட்டு ஊர்ப் பெயர்களை அவர்கள் சூட்டியவற்றுள் டெல்வ்ற் மட்டுமே பிறமொழியாளர் நாவில் இன்றும் நிலைத்துள்ளது. ஈழத்தமிழர் பேச்சில் வழங்கும் துவக்கு என்ற சொல்லும், தமிழகத்தில் வழங்கும் துப்பாக்கி என்ற சொல்லும் துருக்கி மொழியின் ஒரே வேரிலிருந்து வந்தவை. சிங்களத்தில் வழங்கும் துவக்குவ என்பதும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

கோட்டையின் பீரங்கி கப்பலை நோக்கியது; வேட்டைக்காரரின் துவக்கு வானை நோக்கியது. மத்திய ஆசிய வலசைப் பாதையின் தென்முனையில் அமைந்த யாழ்ப்பாணப் பரவைக்கடலுக்கு, வடகீழ்ப் பருவமழையை ஒட்டிய மாதங்களில் வடநிலங்களிலிருந்து ஊசிவால் வாத்தும் கிளுவையும் உள்ளானும் கூட்டங்கூட்டமாக வருகின்றன. பூநாரைகளும் சேற்றுத்திடல்களில் இரை தேடுகின்றன. இலங்கையின் வறண்ட கரையோரங்களில் மட்டுமே காணப்படும் கவுதாரியும் இப்பகுதிக்கு உரியது. இத்தகைய பறவைகளைச் சுட ஒற்றை ரவை பயன்படாது. ஆதலால் உட்புறம் வழவழப்பான குழலிலிருந்து நூற்றுக்கணக்கான சிறு ஈயச் சன்னங்களை ஒரே வெடியில் பரவலாகச் செலுத்தும் சன்னத் துவக்கு உருவாயிற்று. சன்னக் கூட்டம் விரிந்து செல்வது சுடுபவரின் சிறு பிழையைப் பொறுக்கும். ஆனால் நிற்கும் பறவைக்கும் பறக்கும் பறவைக்கும் உள்ள வேறுபாட்டை அது மறைக்காது. பறவை இருக்கும் இடத்தைச் சுட்டவருக்குச் சன்னம் அங்கு சேரும்போது வெறும் வானமே கிடைக்கும்.

பிரித்தானியர் காலத்தில் இலங்கையின் வயல்களில் உள்ளான் சுடுதல் அதிகாரிகளின் பொழுதுபோக்காக விளங்கிற்று. பீரங்கிப்படை அதிகாரியான வில்லியம் வின்சென்ட் லெக் 1880இல் நிறைவுசெய்த இலங்கைப் பறவைகள் பற்றிய பெருநூல், அக்கால அறிவியலும் துவக்கையே கருவியாகக் கொண்டிருந்ததைக் காட்டுகிறது. தொலைநோக்கியும் ஒளிப்படக் கருவியும் களத்துக்கு வராத அந்நாளில், ஓர் இனத்தை உறுதிப்படுத்த அதனைச் சுட்டு வீழ்த்தித் தோலைப் பதப்படுத்துவதே வழக்கமாயிருந்தது. 1907இல் வெளிவந்த ஹரி ஸ்டோரியின் இலங்கை வேட்டை நூல் அப்பொழுதுபோக்கின் உச்சக் காலத்துக்குச் சான்று.

இதற்கிடையில் மேலைநாடுகளில் வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. வேட்டைப் பருவம் முடிந்த பின்னும் கைப்பழக்கம் குன்றாதிருக்க, பெட்டியில் அடைத்த புறாக்களைத் திறந்துவிட்டுச் சுடும் போட்டிகள் இங்கிலாந்தில் தோன்றின. பொறி என்று பொருள்படும் டிராப் என்ற பெயர் அப்பெட்டியிலிருந்தே இன்றைய களிமண் தட்டுப் போட்டியொன்றுக்கு வந்தது. 1900ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கின்போது உயிர்ப்புறாக்களைச் சுடும் போட்டி நடைபெற்று, 21 புறாக்களை வீழ்த்திய பெல்ஜியத்தின் லியோன் டி லுண்டன் முதலிடம் பெற்றார். இக்கொடுமைக்கு எதிரான உணர்வும் புறாக்களின் செலவும் அதற்கு முன்பே மாற்றுப் பொருளைத் தேடத் தூண்டியிருந்தன. முதலில் கண்ணாடி உருண்டைகள் எறியப்பட்டன. 1880இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரைச் சேர்ந்த ஜோர்ஜ் லிகோவ்ஸ்கி, நீரின்மேல் எறிந்த தட்டைக்கல்லைப் போலச் சுழன்று பறக்கும் களிமண் தட்டுக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய தட்டு சுண்ணாம்புக்கல் தூளும் கீலும் கலந்து வார்க்கப்படுவது. 110 மில்லிமீற்றர் விட்டமும் ஏறத்தாழ 105 கிராம் நிறையும் உடையது. களிமண் நீங்கிய பின்னும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

ஸ்கீட் பிறந்தது அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்து அன்டோவர் என்னும் ஊரில். நாய்ப்பண்ணை நடத்திய சார்ள்ஸ் டேவிஸ் என்பவரும் அவருடைய வேட்டைத் தோழர்களும், காட்டுக்கோழி வேட்டையில் தவறவிட்ட வெடிகளை மீண்டும் பழகிப் பார்க்க, 1915ஐ ஒட்டிய ஆண்டுகளில் 25 யார் ஆரமுள்ள வட்டமொன்றை வரைந்து, கடிகார எண்களைப் போல 12 நிலைகளைக் குறித்து, ஓரிடத்தில் நிறுத்திய எறிபொறியிலிருந்து புறப்படும் தட்டுகளை எல்லா நிலைகளிலிருந்தும் சுட்டனர். ஒவ்வொரு நிலையிலும் இரண்டு வெடிகள் வைத்தால் 24 தோட்டாக்கள் தீரும். பெட்டியில் எஞ்சிய இருபத்தைந்தாவது தோட்டா வட்டத்தின் நடுவிலிருந்து சுடப்பட்டது. ஒரு சுற்றுக்கு 25 என்ற கணக்குக்குத் தோட்டாப் பெட்டியின் அளவே காரணம். அயல் நிலத்தில் ஒருவர் கோழிப்பண்ணை தொடங்கியதும் அத்திசையில் சுட இயலாது போயிற்று. ஆகவே 1923இல் வட்டத்தைப் பாதியாக்கி, எதிர்முனையில் இரண்டாவது பொறியை வைத்துப் பழைய கோணங்கள் அனைத்தையும் அரைவட்டத்துக்குள் காத்துக்கொண்டனர். அக்குழுவைச் சேர்ந்த வில்லியம் ஹார்ண்டன் பொஸ்டர் 1926இல் இவ்விளையாட்டை இதழ்வழி அறிமுகப்படுத்திப் பெயர் சூட்டும் போட்டியொன்றை நடத்தியபோது, மொன்டானா மாநிலத்துப் பெண்மணியான கேட்ரூட் ஹேர்ல்பட் அனுப்பிய ஸ்கீட் என்ற சொல் நூறு டொலர் பரிசை வென்றது. சுடு என்னும் பொருளுடைய பழைய ஸ்காண்டிநேவியச் சொல்லாக அது கருதப்பட்டது.

1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் ஸ்கீட் இடம்பெற்றது. ஆணும் பெண்ணும் ஒன்றாகப் போட்டியிட்ட 1992ஆம் ஆண்டு பார்சிலோனாவில் சீனத்து ஜாங் ஷான் என்ற பெண் தங்கம் வென்றார். அடுத்த ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இப்போட்டியில் இடமே இருக்கவில்லை. 2000இல் சிட்னியில்தான் அவர்களுக்கெனத் தனிப் போட்டி அமைந்தது.

இன்றைய ஒலிம்பிக் களத்தில், அரைவட்டத்தின் இடமுனையில் உள்ள உயர்மாடத்திலிருந்து தரைக்கு ஏறத்தாழ 3 மீற்றர் மேலாகவும், வலமுனையில் உள்ள தாழ்மாடத்திலிருந்து ஏறத்தாழ 1 மீற்றர் மேலாகவும் தட்டுகள் புறப்பட்டு நடுவே குறுக்கிடுகின்றன. அரைவட்டத்தில் 7 நிலைகளும் இரு மாடங்களுக்கும் நடுவே எட்டாவது நிலையும் உள்ளன. போட்டியாளர் தட்டை அழைத்த பின் உடனேயோ 3 வினாடிக்குள் எப்போதாயினுமோ அது வெளிவரலாம். அது தென்படும்வரை துவக்கின் பிடங்கு இடுப்பளவில் இருத்தல் வேண்டும். பறவை எப்போது எழும் என்று அறியாது நடக்கும் வேட்டைக்காரரின் நிலையே இவ்விதியில் எஞ்சியுள்ளது. அமெரிக்க முறையிலோ பிடங்கைத் தோளில் பொருத்திக்கொண்டே தட்டை அழைக்கலாம்.

நுட்பத்தின் அடிப்படையும் வேட்டையிலிருந்து வந்ததே. சன்னம் குழலை விட்டு வினாடிக்கு ஏறத்தாழ 400 மீற்றர் வேகத்தில் புறப்பட்டாலும், இருபது மீற்றர் தொலைவை அது கடப்பதற்குள் குறுக்கே பறக்கும் தட்டு ஒரு மீற்றருக்கு மேல் நகர்ந்துவிடும். ஆகவே தட்டுக்கு முன்னே உள்ள வெற்றிடத்தைச் சுடுவதே முறை. இவ்விடைவெளியை முன்னளவு எனலாம். குழலைத் தொடக்கம் முதலே தட்டுக்கு முன்னால் வைத்து அதே வேகத்தில் ஓட்டிச் செல்வது ஒரு வழி. தட்டுக்குப் பின்னிருந்து குழலை விரைவாகக் கொண்டுவந்து, அதனைக் கடக்கும் தறுவாயில் விசைவில்லை அழுத்துவது மற்றொரு வழி. எவ்வழியாயினும் வெடித்த பின்னும் குழலின் ஓட்டம் நிற்கலாகாது. வெடிக்கும் கணத்தில் குழலை நிறுத்திவிடுவதே தொடக்கநிலையினரின் பெரும்பிழை என்பதைப் பயிற்றுநர் யாவரும் கூறுவர். நிலைக்கு நிலை கோணம் மாறுவதால் முன்னளவும் மாறும்; அரைவட்டத்தின் நடுவிலுள்ள நான்காம் நிலையில் அது மிகுதி; தட்டு ஏறத்தாழ நேர்கோட்டில் அகலும் முனைநிலைகளில் மிகக் குறைவு.

ஆதலால் புதியவர் முனைநிலைகளில் தொடங்கி நடுநிலைகளை நோக்கிச் செல்வதே பொருத்தம். அதற்கும் முன்னதாக, இரு கண்களுள் எது பார்வையை ஆள்கிறது என்று அறிந்து அப்பக்கத்துத் தோளில் பிடங்கைப் பொருத்துதல், தட்டை உடைக்க எண்ணும் இடத்தை நோக்கிக் கால்களை நிறுத்தி இடுப்பைத் திருப்பிப் பழகுதல், தோட்டா இல்லாத துவக்கைக் கன்னம் பிடங்கில் ஒரே இடத்தில் படியும்வரை மீண்டும் மீண்டும் ஏந்துதல் ஆகியவை வேண்டும். சுடுபவர் குழலின் நுனியைப் பாராமல் தட்டையே பார்க்க வேண்டும் என்பது இக்கலையின் முதல் விதி. யாழ்ப்பாணத்துச் சிறுவன் கெட்டபோலால் மாங்காயைக் குறிவைக்கும்போது கவட்டையை நோக்குவதில்லை. கண் காயில் பதிய, கை தானே ஒழுங்குபடும். ஆனால் காய் அசையாது தொங்குவது, தட்டோ ஓடுவது, கண்ணின் பிடி அதில் இன்னும் இறுக வேண்டும்.

தமிழரிடையே களிமண் தட்டுச் சுடுதலில் உலக அரங்குவரை சென்றவர் புதுக்கோட்டைத் தொண்டைமான் மரபைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான். வேட்டையைப் பெருமையாகக் கொண்ட அரச மரபுகள் பல, சமஸ்தானங்கள் மறைந்த பின் களிமண் தட்டை நோக்கித் திரும்பியது இந்தியத் துணைக்கண்டத்தின் பொதுப்போக்கு. 1962இல் உலகப் போட்டியில் டிராப் பிரிவில் வெள்ளி வென்ற பிகானீர் மன்னர் கர்ணி சிங் அதற்கு முன்னோடி. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிராப் பிரிவில் தங்கம் வென்ற இந்திய அணியில் பிரித்விராஜ் இடம்பெற்றார். அடுத்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கிலும் சுட்டார். ஸ்கீட் பிரிவில் மைராஜ் அகமது கான் 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகப் போட்டியிட்டார். பாரிஸில் புதிதாகச் சேர்க்கப்பட்ட கலப்பு அணிப் போட்டியில் மகேஸ்வரி சௌகானும் அனந்த்ஜீத் சிங் நருக்காவும் ஒரே புள்ளியில் வெண்கலத்தை இழந்தனர். இலங்கையின் டெகானி எகொடவெல டோக்கியோ ஒலிம்பிக்கில் போட்டியிட்டது பத்து மீற்றர் காற்றுத் துவக்குப் பிரிவில், அசையாத இலக்கை நோக்கி.

தீவகத்தில் துவக்கின் கதை வேறு திசையில் சென்றது. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் துவக்கு வைத்திருப்பதை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் உரிமத்துக்கு உட்படுத்தியது. 1937ஆம் ஆண்டின் விலங்கினத் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும், அட்டவணையில் பெயர் குறிக்கப்பட்ட சில இனங்கள் நீங்கலாக எல்லாப் பறவைகளையும் காவலுக்குள் கொண்டுவந்தன. அதன்பின் வந்த உள்நாட்டுப் போர், துவக்கின் பொருளையே மாற்றிவிட்டது. 1990இல் தீவக மக்களுள் பெரும்பாலோர் வீடுகளைக் கைவிட்டு இடம்பெயர்ந்தனர். வெடியோசை பறவையை நினைவூட்டிய காலம் அத்துடன் முடிந்தது. 2009இல் போர் ஓய்ந்த பின் மீண்டவர்களுள் மூத்தோர் செவிக்குத் துவக்கு விளையாட்டுப் பொருளாகப் படாததில் வியப்பில்லை.

இத்தீவுகளில் ஸ்கீட் களமொன்று அமையலாமா என்னும் வினாவுக்கு நிலமே விடை தருகிறது. சுடுநிலைகளுக்கு முன்னே ஏறத்தாழ 275 மீற்றர் தொலைவுவரை ஆள் நடமாட்டமற்ற வெளி வேண்டும். அவ்வெளி முழுவதும் ஆண்டுக்காண்டு ஈயம் படியும். சுண்ணக்கல் நிலத்தின் அடியில் உவர்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கும் நன்னீரையே கிணறுகளில் மொள்ளும் ஊர்களுக்கு அது ஏற்றதன்று. சேற்றில் விழுந்த சன்னத்தைக் கல்லென்று விழுங்கும் வாத்துகள் நஞ்சேறி இறப்பதாலேயே, அமெரிக்கா 1991இல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயச் சன்னத்தை முற்றாகத் தடைசெய்தது. ஆகவே இக்கலையைப் பயில விரும்பும் தீவக இளைஞர், உரிமமும் பயிற்றுநரும் உரிய பாதுகாப்பும் உள்ள களத்தை நாட்டின் வேறு பகுதியில் நாடுவதே முறை. 2015இல் நெடுந்தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வட்டத்தைப் பாதியாக்கி அயலாரின் கோழிகளைக் காத்த விளையாட்டு, தீவகத்தின் வானத்தையும் பறவைகளுக்கே விட்டுவைப்பதுதான் அதன் பிறப்புக்குப் பொருந்தும்.