எழுதியதும் எழுத்தானதும்: ஓலைச்சுவடி முதல் புறவன்தட்டு வரை



தமிழ் இலக்கணம் எழுத்துக்கு ஒலிவடிவம், வரிவடிவம் என இரு வடிவங்களைக் கூறும். கணினி வந்தபின் மூன்றாவது வடிவம் ஒன்றும் அமைந்துவிட்டது. அதனைக் காந்தவடிவம் எனலாம். நம் காலத்துக் கட்டுரைகள், தேர்வுத்தாள்கள், பள்ளி ஆண்டிதழ்கள், களஆய்வு ஒலிப்பதிவுகள் ஆகியவற்றுள் பெரும்பகுதி, சுழலும் தட்டொன்றின்மேல் காந்தப் புள்ளிகளாக உறைகின்றது. கணினிக்கு வெளியே வடத்தால் இணைக்கப்படும் அத்தட்டினைப் புறவன்தட்டு என்கிறோம். பேச்சு வழக்கில் ‘ஹார்ட் டிஸ்க்’. அதில் எழுத முயலுங்கால் எழுத்துப் பதியாமற் போவதை இப்பொழிவில் ‘எழுதுபிழை’ எனக் குறிப்பிடுகிறேன்.

நான் வலியுறுத்த விரும்பும் கருத்து ஒன்றே. எழுதி முடித்ததனால் மட்டும் எழுத்து நிலைபெறுவதில்லை. எழுதியதைத் திரும்பப் படித்து, மூலத்தோடு ஒப்பிட்ட பின்னரே அது நிலைபெறுகின்றது. ஓலையில் எழுதியோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். அச்சுக்கூடத்தாரும் அறிந்திருந்தனர். கணினியின்முன் அமர்ந்த நான் அதனை மறந்தேன். அம்மறதியின் விலையை முதலில் கூறிவிடுகிறேன்.

ஐந்து ஒலிநாடாக்கள்

1986ஆம் ஆண்டில் கிள்ளானைச் சுற்றியிருந்த தோட்டங்களில் முதியோர் பேச்சினை ஒலிப்பதிவு செய்தேன். பால்மரங்கள் செம்பனைக்கு இடம்விட்டுக்கொண்டிருந்த காலம் அது. பெரட்டு, லயம், ஆயாக்கொட்டகை முதலிய சொற்கள் அகராதிச் சொற்களாக அன்றி, அன்றாட வாழ்வின் சொற்களாக வழங்கிய காலமும் அதுவே. அறுபது நிமிட ஒலிநாடாக்கள் 42 சேர்ந்தன.

நம் நாட்டின் ஈரக்காற்று அவற்றை விட்டுவைக்கவில்லை. பூஞ்சணம் படரத் தொடங்கியது. 2009இல் அவை அனைத்தையும் கணினிக்கு மாற்றிப் புறவன்தட்டு ஒன்றில் சேமித்தேன். அப்பணியின் இடையே, ஒருநாள் பிற்பகல், ‘தாமதித்து எழுதுதல் தோல்வியுற்றது’ எனப் பொருள்படும் ஆங்கில அறிவிப்பொன்று திரையின் மூலையில் தோன்றியது. அதனை மூடிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். இறுதியில் 42 கோப்புகளும் பெயரோடும் அளவோடும் பட்டியலில் இருந்தன. மனநிறைவோடு நாடாக்களை எறிந்துவிட்டேன்.

ஐந்தாண்டுகள் கழிந்தபின், தோட்டத் தமிழை ஆராய்ந்த மாணவி ஒருவர் அப்பதிவுகளைக் கேட்டார். ஐந்து கோப்புகள் ஒலிக்கவில்லை. அவற்றுள் ஒன்றில், தொண்ணூறு வயதை நெருங்கிய பாட்டி ஒருவர், தம் தாயார் கப்பலேறி வந்த செய்தியையும் அத்தாயார் பாடிய தாலாட்டையும் எனக்குச் சொல்லியிருந்தார். அப்பாட்டி மறைந்து நெடுங்காலமாகிறது. அவர் வாழ்ந்த லயம் இருந்த இடத்தில் இன்று வீடமைப்புப் பகுதி உள்ளது. மீண்டும் சென்று பதிவுசெய்ய அங்கு எவரும் இல்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் கணினி பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவரிடம் தட்டினைக் கொண்டுசென்றேன். அவர் அக்கோப்புகளின் உட்பகுதியைத் திரையில் விரித்துக் காட்டினார். பெயர் இருந்தது, நாள் இருந்தது, ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 635 மெகாபைட்டு அளவும் இருந்தது. தொடக்கத்தில் ஒரு சிறு பகுதி நீங்கலாக, உள்ளே இறுதிவரை சுழியங்களே நிறைந்திருந்தன. “பட்டியல எழுதிடுச்சு ஐயா, குரல எழுதல,” என்றார் அவர்.

ஏடெழுதியோர் முறை

இத்தகைய இழப்பு தமிழுக்குப் புதிதன்று. எழுதும் பொருள் எழுத்தினை மாற்றிவிடும் என்பதை ஓலைச்சுவடிகள் நமக்கு உணர்த்துகின்றன. எழுத்தாணியால் புள்ளியிட்டால் ஓலை துளைபட்டுக் கிழியக்கூடும். ஆகவே ஏடெழுதுவோர் பெரும்பாலும் புள்ளியை இடாது விடுத்தனர். எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. எழுதியவர் அறிந்தே விட்டவை பின்வந்த படிப்பாளருக்கு ஐயங்களாயின, பாடவேறுபாடுகள் பெருகின.

இதனை ஈடுசெய்ய மரபு இரு வழிகளைக் கைக்கொண்டது. ஒன்று, படியெடுத்தல். ஓலை காலப்போக்கில் நைந்து செல்லரிக்கும் ஆதலின், பழைய ஏட்டினைப் பார்த்துப் புதிய ஏடு எழுதுதல் தொடர்ந்து நிகழ்ந்தது. மற்றொன்று, ஒப்புநோக்கல். ஒருவர் மூலத்தைப் படிக்க, மற்றவர் படியைப் பார்த்துத் திருத்தினர். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, ஒரே ஏட்டினை நம்பி அதனைச் செய்யவில்லை. ஊர்தோறும் தேடிய பல ஏடுகளை ஒப்பிட்டே பாடத்தை உறுதிசெய்தார். ஓர் ஏட்டில் சிதைந்தது மற்றோர் ஏட்டில் பிழைத்திருந்தது.

படிகள் பல இடங்களில் இல்லாதபோது நேர்வதற்கு யாழ்ப்பாணப் பொது நூலகம் சான்று. 1981இல் அது எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் படி இல்லாதவை மீளவேயில்லை.

அச்சகத்திலிருந்து திரைக்கு

கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழெழுத்தின் அடுத்த களம் அச்சகம். கோலாலம்பூரில் 1924இல் தோன்றி 2019இல் நின்றுபோன ‘தமிழ் நேசன்’ நாளிதழ் அக்களத்தின் நீண்ட சாட்சி. அச்சுக்கோத்து முடித்தவுடன் இதழ் வெளிவந்துவிடாது. மெய்ப்புத்தாள் எடுத்து, மூலப்படியோடு ஒப்பிட்டு, திருத்திய பின்னரே அச்சேறும். ஏடெழுதியோரின் ஒப்புநோக்கல் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தலாக உருமாறி வாழ்ந்தது.

1980களில் தமிழ் கணினிக்குள் நுழைந்தது. அம்முயற்சியில் மலேசியாவுக்குச் சிறப்பான இடம் உண்டு. முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘முரசு அஞ்சல்’ உலகத் தமிழரிடையே பரவியது. 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் கூடியது. அக்காலத்தில் எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றம் வழங்கியதால், ஒரு கணினியில் எழுதியதை மற்றொரு கணினியில் படிப்பதே அரிதாயிருந்தது. ஒருங்குறி அக்குழப்பத்தைப் பெரிதும் நீக்கியது.

எனினும் கணினி ஒரு புதிய மயக்கத்தையும் தந்தது. ஓலையிலும் தாளிலும் கண்ணுக்குத் தெரிவதே எழுத்து. கணினித் திரையில் தெரிவதோ நினைவகத்தில் உள்ளது; தட்டில் பதிந்தது அன்று. திரையைக் கண்டு தட்டினை நம்பியதால், மெய்ப்புப் பார்க்கும் படிநிலை நம் பழக்கத்திலிருந்து நழுவியது.

வன்தட்டு எழுதும் முறை

1956இல் ஐபிஎம் நிறுவனம் ‘ராமாக்’ கணினியோடு முதல் வன்தட்டுக் கருவியை வெளியிட்டது. 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகள் கொண்ட அது, 50 இலட்சம் எழுத்துக்குறிகளையே தாங்கியது. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 3.75 மெகாபைட்டு. அப்பாட்டியின் பேச்சில் 21 நொடிகள் மட்டுமே அதில் அடங்கியிருக்கும். இன்று கைப்பைக்குள் அடங்கும் தட்டு பல இலட்சம் மெகாபைட்டுகளைத் தாங்குகின்றது. அத்தகைய வன்தட்டுகளை வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் நம் பெட்டாலிங் ஜெயாவிலேயே தயாரித்து வந்தது. 2019 இறுதிக்குள் அத்தொழிற்சாலையை மூடுவதாக அந்நிறுவனம் 2018இல் அறிவித்தது.

தட்டின் பரப்புக்கும் எழுதும் முனைக்கும் இடையே உள்ள இடைவெளி சில நானோமீட்டர் மட்டுமே. அதனால் பிழைகள் இயல்பாகவே நேரும். 1950இல் ரிச்சர்டு ஹாமிங் பிழைதிருத்தக் குறியீடுகளைப் பற்றிய தம் கட்டுரையை வெளியிட்டார். 1960இல் ரீடும் சாலமனும் மேலும் ஆற்றல்மிக்க முறையை வகுத்தனர். இவ்வழியில் வந்த முறைகளால், தட்டின் ஒவ்வொரு சிறு கூற்றோடும் சில காவல் பிட்டுகள் சேர்த்து எழுதப்படுகின்றன. ஆகையால் சிறு சிதைவுகளைத் தட்டு படிக்கும்போது தானே திருத்திக்கொள்கிறது.

ஆயினும் இரண்டு உண்மைகளை நினைவில் கொள்ள வேண்டும். முதலாவது, விரைவின் பொருட்டுக் கணினி எழுதவேண்டியதை முதலில் நினைவகத்தில் தேக்கி, பின்னர்த் தட்டுக்கு அனுப்புகிறது. ‘முடிந்தது’ என்று திரை சொன்னபின்னும் எழுதுதல் நடந்துகொண்டிருக்கலாம். இரண்டாவது, வன்தட்டு தான் எழுதியதை வழக்கமாக உடனே படித்துப் பார்ப்பதில்லை. மெய்ப்புப் பார்க்கும் பொறுப்பு நம்முடையதே.

என் கோப்புகளுக்கு நேர்ந்ததும் இதுவே. கோப்பின் பெயரும் அளவும் பட்டியலில் பதிந்தன. தேக்கத்தில் இருந்த ஒலி தட்டினை அடையுமுன் இணைப்பு அறுந்தது.

பிழையை இனங்காணும் ஒழுங்கு

மொழியியலில் ஒரு வடிவத்தின் காரணத்தை ஆராயும்போது, எளிய விளக்கத்தை விலக்கிய பின்னரே அரிய விளக்கத்துக்குச் செல்வோம். எழுதுபிழையையும் அவ்வாறே அணுக வேண்டும். அந்த இளைஞர் பின்பற்றிய ஒழுங்கினை இங்குத் தொகுத்துரைக்கிறேன்.

பிழை தோன்றியவுடன் எழுதுவதை நிறுத்த வேண்டும். மூலத்தை அழிக்கக் கூடாது. பின்னர் மின்னோட்டத்தையும் வடத்தையும் நோக்க வேண்டும். யுஎஸ்பி இரண்டாம் பதிப்புத் துளை தரவேண்டிய மின்னோட்டம் 500 மில்லியாம்பியர். மூன்றாம் பதிப்பில் 900. சுழலத் தொடங்கும் தட்டுக்கு முதல்வகை போதாமற் போகலாம். என் மேசையில் தட்டும் வருடியும் ஒரே பல்முனை இணைப்பியைப் பகிர்ந்திருந்தன. அதே இணைப்பியை அவ்விளைஞர் சோதித்தபோது தட்டு இடையிடையே துண்டிக்கப்பட்டது. கணினியில் நேரே செருகியபோது ஒரு குறையும் இல்லை. தட்டு நலமாயிருந்தது; வழிதான் பழுது.

அடுத்து, தட்டின் கோப்புமுறைமையைப் பார்க்க வேண்டும். ஃபேட்32 முறையில் அமைந்த தட்டு, எவ்வளவு இடம் எஞ்சியிருந்தாலும், 4 கிகாபைட்டு அளவையோ அதற்கு மேற்பட்டதையோ கொண்ட ஒற்றைக் கோப்பினை ஏற்காது. பள்ளி ஆண்டுவிழாக் காணொளி பதியாமற் போவதற்கு இது பெரும்பாலும் காரணம். விண்டோஸுக்கென என்டிஎஃப்எஸ் முறையில் அமைந்த தட்டினை ஆப்பிள் கணினி படிக்கும். ஆனால் வேறு மென்பொருள் துணையின்றி அதில் எழுதாது.

மூன்றாவது, கோப்பின் பெயர். தமிழாசிரியர்க்கு இது தனிச்சிறப்புடைய செய்தி. ‘மொழி’ என்பது இலக்கணப்படி இரண்டெழுத்து. ஒருங்குறியில் அது நான்கு குறிகள். யூடிஎஃப்-8 முறையில் குறிக்கு மூன்றாக 12 பைட்டுகள். லினக்ஸில் பரவலாக வழங்கும் எக்ஸ்ட்4 கோப்புமுறைமை ஒரு பெயருக்கு 255 பைட்டுகளையே அனுமதிக்கிறது. ஆங்கிலப் பெயரில் 255 எழுத்துகள் அடங்குமிடத்தில் தமிழ்ப் பெயரில் 85 குறிகளே அடங்கும். ஆண்டு, வகுப்பு, பாடம், தலைப்பு என நீண்ட தமிழ்ப் பெயரிட்ட கோப்பு, வேறு எக்குறையும் இன்றியே மறுக்கப்படலாம். மேலும், ‘மொ’ என்பதிலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பு, கால் என இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரு பெயர்களைத் தட்டு இரண்டாகக் கருதக்கூடும். பெயரைச் சுருக்கமாக இடுவதே தீர்வு.

இவை யாவும் விலக்கப்பட்ட பின்னரே தட்டின்மேல் ஐயம் கொள்ளலாம். பழுதான கூறுகளை வன்தட்டு ஒதுக்கி, இருப்பிலுள்ள மாற்றுக் கூறுகளைப் பயன்படுத்தும். அக்கணக்கினை ‘ஸ்மார்ட்’ எனப்படும் தன்னிலைக் குறிப்பில் காணலாம். அவ்வெண்ணிக்கை ஏறத் தொடங்கினால், பழுதுநீக்கும் மென்பொருளை இயக்குமுன், படிக்க இயலும் அனைத்தையும் வேறு தட்டுக்குப் படியெடுத்துவிட வேண்டும். தட்டு ‘டிக், டிக்’ என ஒலித்தால் அதனை நிறுத்திவிட்டு வல்லுநரை நாட வேண்டும்.

இன்று நாம் செய்யத்தக்கது

ஏடெழுதியோரின் இரு வழிகளும் இன்றைக்கும் பொருந்துவன. ஒப்புநோக்கலைக் கணினியே செய்துதரும். ‘ஷா-256’ போன்ற கணிப்புமுறை ஒரு கோப்புக்கு ஒரு சரிபார்ப்பெண்ணைத் தரும்; ஒரு பிட்டு மாறினாலும் அவ்வெண் வேறாகிவிடும். மூலத்துக்கும் படிக்கும் தனித்தனியே கணித்து ஒப்பிடுங்கள். அதற்குமுன் தட்டினை முறையாகத் துண்டித்து மீண்டும் இணையுங்கள். இல்லையேல் கணினி தட்டிலிருந்து அன்றி, தன் தேக்கத்திலிருந்தே படித்துக் காட்டக்கூடும். படியெடுத்தலுக்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு: மூன்று படிகள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்றேனும் வேறோர் இடத்தில்.

ஆசிரியர்களே, உங்கள் பள்ளியின் பழைய ஆண்டிதழ்களும் நிழற்படங்களும் தலைமையாசிரியர் அறையில் ஒரே புறவன்தட்டில் இருக்கலாம். மாணவர்களே, உங்கள் தாத்தா பாட்டியின் குரல் ஒரே கைப்பேசியில் இருக்கலாம். இன்று வீடு திரும்பியதும் அக்கோப்புகளுள் ஒன்றைத் திறந்து, தொடக்கம் முதல் இறுதிவரை கேளுங்கள். குறை தென்பட்டால், மூலம் கையிலிருக்கும்போதே மறுபடியும் படியெடுக்கலாம். எனக்கு அவ்வாய்ப்பு இருந்தது. 42 நாடாக்களும் என் மேசைமேல் இருந்த நாளில் நான் கேட்கவில்லை.

எஞ்சிய 37 பதிவுகளும் இன்று மூன்று இடங்களில் உள்ளன. ஆண்டுக்கொருமுறை அவற்றைச் சரிபார்க்கிறேன். அத்தாலாட்டில் என் நினைவில் நின்ற ஓரிரு அடிகளைத் தாளில் எழுதிவைத்திருக்கிறேன். அதன் இசை என் நினைவில் இல்லை.