சுவான்சோ (பெயர் வரலாறு)

சுவான்சோ என்பது சீனாவின் தென்கிழக்கே, ஃபூஜியன் மாகாணக் கரையில் அமைந்துள்ள துறைமுக நகரம் ஆகும். நடுக்காலப் பயணிகளின் நூல்களில் இது சைத்தூன் என வழங்கப்படுகிறது. இதனை அறியாதோர் இரண்டையும் வெவ்வேறு ஊர்களாகக் கருதிவிடுவதுண்டு. 1281 ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த ஊரும் இதுவே.

சைத்தூன்

10 ஆம் நூற்றாண்டில் நகரைச் சுற்றி முள்முருங்கை மரங்கள் நடப்பட்டன. இம்மரத்தின் சீனப் பெயரான சிதோங் என்பதே ஊரின் மறுபெயராயிற்று. அரபு வணிகர் வழக்கில் அது சைத்தூன் எனத் திரிந்தது. அரபு மொழியில் சைத்தூன் என்றால் ஒலிவம். ஆயினும் இவ்வூரில் ஒலிவ மரங்கள் இல்லை, பெயர் மட்டுமே அவ்வாறு உள்ளது என 14 ஆம் நூற்றாண்டுப் பயணியான இப்னு பதூதா குறிப்பிட்டுள்ளார். மார்க்கோ போலோவும் இப்பெயரையே கையாண்டார். சாட்டின் என்னும் துணியின் பெயர் இதிலிருந்து தோன்றியதாகக் கருதப்படுகிறது.

உரோமன் எழுத்துப்பெயர்ப்பு

19 ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் இதனைச் சின்சியூ என்றனர். உண்மையில் அது, போர்த்துக்கேயரும் எசுப்பானியரும் அண்டை நகரான சாங்சோவுக்கு வழங்கிய பெயரின் திரிபாகும். பின்னர் வேடு-கைல்சு முறையும், 1958 இல் சீன அரசு ஏற்ற பின்யின் முறையும் வந்தன. பின்யினில் இப்பெயர் ஆங்கிலக் 'கியூ' எழுத்தில் தொடங்கினாலும் அதன் ஒலி சகரத்தை ஒத்தது. எனவே குவான்சோ எனத் தமிழில் எழுதுவது பிழை. முன்பு கான்டன் எனப்பட்ட குவாங்சோவுடன் குழப்பவும் இது இடந்தரும். 2021 இல் யுனெசுக்கோ உலக மரபுக் களப் பட்டியலில் இந்நகர் பின்யின் எழுத்துக்கூட்டலிலேயே இடம்பெற்றது.