படுக்கையறை நாடகக்காரர் எழுதிய உயில்

1920ல் நியூயார்க் பிராட்வேயில் ஒரே சமயத்தில் நான்கு அரங்குகளில் ஒரே ஆசாமியின் நாடகங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று திகில் நாடகம். இன்னொன்று, பணக்காரர்களை வளைத்துப் போடும் நடனப் பெண்களின் கதை. மூன்றாவது, பெண்களின் குளியல் விடுதிக்குள் ஆண்கள் மாட்டிக்கொண்டு முழிக்கும் கேலிக்கூத்து. எழுதியவர் ஏவரி ஹாப்வுட். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1905ல் பட்டம் வாங்கிய கையோடு, நிருபர் வேலை பார்க்க நியூயார்க் போய்ச் சேர்ந்தவர். மறு வருடமே முதல் நாடகம் அரங்கேறியது. அதன்பின் அவர் தொட்டதெல்லாம் வசூல்.

விமர்சகர்கள் அவரை முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் பார்த்தார்கள். படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் யார் ஒளிந்திருக்கிறார் என்பதைத் தவிர அவர் நாடகங்களில் சரக்கு கிடையாது என்றார்கள். ரசிகர்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. ஹாப்வுட்டுக்குப் போதவில்லை. நாடக உலகின் உள்வண்டவாளங்களைச் சொல்லும் நாவல் ஒன்றை வருடக்கணக்காக எழுதிக்கொண்டிருந்தார். 1928 ஜூலை 1ம் தேதி பிரெஞ்சுக் கடற்கரையில் நீந்தப் போனவர் உயிரோடு திரும்பவில்லை. வயது 46. நாவல் கையெழுத்துப் பிரதியாகவே நின்றுவிட்டது.

உயிலைப் பிரித்தபோது ஆச்சரியம் காத்திருந்தது. சொத்தில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு. மாணவர்கள் எழுதும் நாடகம், கவிதை, கதை, கட்டுரைகளுக்கு வருடந்தோறும் பரிசு தர வேண்டும். கூடவே ஒரு நிபந்தனை: புதியதை, வழக்கத்துக்கு மாறானதை, தீவிரமானதைத் தனியாக ஊக்குவிக்க வேண்டும். அறக்கட்டளை வைப்பவர்கள் பொதுவாக ஒழுக்கம், தேசபக்தி என்று எழுதி வைப்பார்கள். வாழ்நாள் முழுக்கப் பாதுகாப்பான சரக்கையே விற்ற மனிதர், 'துணிந்தவனுக்குக் கொடு' என்று எழுதி வைத்திருக்கிறார். தனக்கு வாய்க்காத துணிச்சலுக்குத்தான் அவர் பணம் ஒதுக்கினார் என்று நான் நினைக்கிறேன்.

முதல் பரிசுகள் 1931ல் வழங்கப்பட்டன. பொருளாதார மந்தம் அமெரிக்காவையே உலுக்கிக்கொண்டிருந்த காலம். எழுத்துக்கு நூற்றுக்கணக்கான டாலர் தருகிறார்களாம் என்ற சேதி நியூயார்க்கில் இருந்த ஓர் இளைஞன் காதையும் எட்டியது. கோட்டு வியாபாரத்தில் நொடித்துப்போன தகப்பன். அல்ஜீப்ராவில் மூன்று முறை கோட்டை விட்ட மகன். மிச்சிகனில் இரண்டு முறை விண்ணப்பித்து இரண்டு முறையும் நிராகரிக்கப்பட்டான். விடவில்லை. டீனுக்கே கடிதம் எழுதினான். மோட்டார் உதிரிபாகக் கிடங்கில் வாரம் 15 டாலர் சம்பளத்துக்கு உழைத்துப் பணம் சேர்த்து, 1934ல் உள்ளே நுழைந்தான். பெயர் ஆர்தர் மில்லர்.

பாத்திரம் கழுவிச் சாப்பாட்டைச் சரிக்கட்டினான். ஆய்வுக்கூட எலிகளுக்குத் தீனி வைத்துக் கைச்செலவுக்குச் சம்பாதித்தான். 1936 வசந்த கால விடுமுறையில் மற்றவர்கள் ஊருக்குப் போக, இவன் அறையிலேயே தங்கி நாடகம் எழுத உட்கார்ந்தான். அதுவரை பார்த்த நாடகங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஓர் அங்கம் எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்பதுகூடத் தெரியாது. அதே விடுதியில் பல்கலைக்கழக நாடகங்களுக்கு உடை தைக்கும் மாணவர் ஒருவர் இருந்தார். அவரிடம் கேட்டுக்கொண்டு, அலாரம் கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்து அங்கத்தை அளந்து பார்த்தான். ஒரு வாரத்துக்குள் நாடகம் தயார்.

கதை எங்கிருந்தோ வந்ததல்ல, வீட்டுக் கதைதான். வேலைநிறுத்தத்தால் தத்தளிக்கும் கோட்டுத் தொழிற்சாலை முதலாளி. கல்லூரியில் இடதுசாரியாக மாறித் திரும்பும் மகன். தொழிலாளி பக்கமா, அப்பா பக்கமா? 'நோ வில்லன்' என்று தலைப்பு வைத்தான். ஹாப்வுட் பரிசாகக் கிடைத்தது 250 டாலர். கிடங்கில் நாலு மாதம் மூட்டை தூக்கினால் வரும் காசு! மறு வருடம் வேறொரு நாடகத்துக்கும் பரிசு வந்தது. குளியல் விடுதிக் கூத்தில் சம்பாதித்த பணம் வேலைநிறுத்த நாடகத்துக்குப் போய்ச் சேர்ந்ததை நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் உயிலில் இருந்த வார்த்தைக்குப் பல்கலைக்கழகம் துரோகம் செய்யவில்லை.

பின்னாளில் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' எழுதி 1949ல் புலிட்சர் பரிசு வாங்கியவர் இதே மில்லர்தான். ராபர்ட் ஹேடன், ஃபிராங்க் ஓஹாரா போன்ற கவிஞர்களும் ஹாப்வுட் பணத்தை ருசி பார்த்தவர்களே. ஹேடன் இரண்டு முறை வாங்கினார்.

'நோ வில்லன்' மட்டும் பல்கலைக்கழக ஆவணக் கட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. ஓர் ஆங்கிலேய இயக்குநர் தேடி எடுத்து, 2015ல் லண்டனில் மதுக்கடை மாடியில் இருக்கும் குட்டி அரங்கில் மேடையேற்றினார். ஹாப்வுட்டின் நாவல் அதற்கு நாலு வருடம் முந்திக்கொண்டது. அவர் இறந்து 83 ஆண்டுகள் கழித்து, 2011ல் அச்சேறியது.